எரிச்சலின்றி முகத்தின் இறந்த செல்களை நீக்குவது: வரிசை, அளவு, இடைவெளி

முகூர்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு மணப்பெண் என் அழகு நிலையத்துக்கு வந்தாள். இரண்டு கன்னத்து மேட்டிலும் தோல் வெங்காயச் சருகு போல எழும்பியிருந்தது. அதற்குக் கீழே பளபளவென்று சிவந்த சதை. தண்ணீர் பட்டாலே காந்துகிறது என்றாள்.

என்ன செய்தாய் என்று நாள்வாரியாகக் கேட்டேன். முதல் நாள் மாலை எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்து தேய்த்திருக்கிறாள். மறுநாள் இரவு, இறந்த செல்களை உதிர்க்கும் 30 சதவீத அமிலக் கரைசலைத் தோழி கொடுக்க, அதைப் பத்து நிமிடம் பூசியிருக்கிறாள். மூன்றாம் நாள் காலை, சன்ஸ்கிரீன் எதுவும் போடாமல் ஸ்கூட்டரில் பத்திரிகை வைக்கப் போயிருக்கிறாள். முதல் நாள் தேய்த்ததோடு நிறுத்திக் கொஞ்சநாள் விட்டிருந்தால் தோல் தானே ஆறியிருக்கும். மூன்றையும் அடுத்தடுத்துச் செய்ததுதான் முகத்தைப் புண்ணாக்கியது.

நம் தோல் பழுப்பு அல்லது கருப்பு. இத்தகைய தோல் எரிச்சலடைந்தால் சிவந்து ஆறுவதோடு விடாது. அந்த இடத்தில் மெலனின் கூடுதலாகச் சுரந்து கருமை படியும். எரிச்சல் மூன்று நாளில் போய்விடும், கருமை போக மாதக்கணக்கில் ஆகும். முகம் தெளியவேண்டும் என்று தொடங்கியவர்கள் முன்பைவிடக் கருத்துப்போய் என்னிடம் வருவது இதனால்தான். அதனால் கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் எரிச்சலைத் தவிர்ப்பதையே முதலில் வைத்திருக்கிறேன், பளபளப்பு அதற்கு அப்புறம்.

மொத்தம் எட்டு வாரம். முதல் இரண்டு வாரம் தயாரிப்பு, மூன்றாவது வாரம் சோதனை, நான்காவது வாரத்திலிருந்துதான் முகத்தில் கை வைக்கிறோம்.

1. தொடங்கலாமா என்று முதலில் பாருங்கள்

காலையில் முகம் கழுவுவதற்கு முன், ஜன்னல் ஓரமாக நின்று கண்ணாடியில் பாருங்கள். குளியலறை விளக்கில் சிவப்பும் செதிலும் தெரியாது.

மூக்கின் இரு ஓரம், உதட்டின் ஓரம், புருவத்துக்கு இடைப்பட்ட இடம், தாடை விளிம்பு ஆகிய நான்கையும் கவனியுங்கள். அங்கே செதில், வெடிப்பு, சிவப்பு இருந்தால் இப்போது தொடங்கக் கூடாது. கழுவியபின் முகம் இறுகிப் பிடித்தாலும், வழக்கமான மாய்ஸ்சரைசர் சுருக்கென்று குத்தினாலும் அதேதான். தோலின் காப்பு அடுக்கு ஏற்கெனவே பழுதுபட்டிருக்கிறது என்பதன் அறிகுறிகள் அவை.

சீழ் கட்டிய பரு, எக்ஸிமா, சோரியாசிஸ், உதட்டோரக் கொப்புளம், வெயிலில் வெந்த முகம் உள்ளவர்கள் அது ஆறும்வரை காத்திருக்கவேண்டும். பருவுக்காக ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுபவர்களும், அதை நிறுத்தி ஆறு மாதம் ஆகாதவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடவேண்டாம். ட்ரெட்டினோயின், அடபலீன் களிம்பு போடுகிறவர்களுக்கு அந்தக் களிம்பே செல் உதிர்வை வேகப்படுத்துகிறது. அதற்கு மேல் இன்னொன்று சேர்த்தால் தோல் தாங்காது. கர்ப்பிணிகள் எந்த அமிலத்தையும் மருத்துவரிடம் கேட்டே வாங்கவேண்டும்.

நெற்றியில் ஒரே அளவில், கடுகு கடுகாக, அரிப்போடு பொரிந்திருந்தால் அது பூஞ்சையால் வருவதாக இருக்கலாம். ஸ்க்ரப் போட்டுத் தேய்த்தால் மோசமாகும். அதற்கு மருந்து வேறு.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்லவேண்டும். மருந்துக் கடையில் வாயால் கேட்டு வாங்கிய “சிவப்பழகு” களிம்பு எதையாவது மாதக்கணக்கில் போடுகிறீர்களா? குழாயைத் திருப்பிப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டாசால், மொமெட்டாசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. அது தோலை மெலிய வைக்கும். அந்த முகத்தில் எந்த உரித்தலும் செய்யக் கூடாது. திடீரென்று நிறுத்தினாலும் முகம் சிவந்து பொங்கும். நேராகத் தோல் மருத்துவரிடம் போய், எத்தனை மாதம் போட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

கழுத்துக் கருமைக்காகவும் பலர் தேய்க்கிறார்கள். பின்கழுத்து கருத்து, வெல்வெட் துணி போலத் தடித்திருந்தால் அது அழுக்கு அல்ல. பெரும்பாலும் உடல் எடையோடும் இன்சுலினோடும் தொடர்புடைய மாற்றம் அது. தேய்ப்பதை விட்டு, ஒருமுறை இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள்.

2. முன்கூட்டியே கையில் இருக்கவேண்டியவை

மென்மையான, நுரை குறைவான ஃபேஸ்வாஷ். சாதாரணக் குளியல் சோப்பு காரத்தன்மை உடையது, அதன் பிஎச் (அமில-கார அளவு, 7க்குக் கீழே அமிலம்) 9 முதல் 10 வரை இருக்கும். முகத்தோலின் மேற்பரப்போ 5க்குப் பக்கத்தில் இருக்கும் இலேசான அமிலத்தன்மை கொண்டது. சோப்பால் கழுவி, அதன்மேல் அமிலமும் பூசினால் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழும்.

வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர். கிளிசரின், செராமைடு இருந்தால் நல்லது. எண்ணெய்ப் பசை முகக்காரர்கள் ஜெல் வகை வாங்கலாம், ஆனால் மாய்ஸ்சரைசரே வேண்டாம் என்று விடக் கூடாது.

எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். ஒன்றுக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது என்றால் இதை வாங்குங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம். மங்கு உள்ளவர்களுக்கு நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் இன்னும் உதவும். அதிலுள்ள இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கிறது. அந்த ஒளியும் மங்கைக் கூட்டும்.

சிறிய வாஸலின் டப்பா, மெல்லிய பருத்தித் துண்டு, கைப்பேசியில் அலாரம், ஒரு நாட்காட்டி. நாட்காட்டி எதற்கு என்று கேட்பார்கள். “போன தடவை எப்போது போட்டீர்கள்?” என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் சொல்லும் பதில் தவறாக இருக்கிறது; நான்கு நாள் ஆயிற்று என்பார்கள், கணக்குப் பார்த்தால் இரண்டு நாள்தான் ஆகியிருக்கும். தேதியில் ஒரு வட்டம் போட்டு வைத்தால் மறதி குறுக்கே வராது.

3. முதல் இரண்டு வாரம்: எதையும் உரிக்காதீர்கள்

எல்லோரும் தாண்டிக் குதிக்கும் படி இது. அமிலத்தை வாங்கிய அன்று இரவே போட்டுவிடுகிறார்கள்.

இரண்டு வாரமும் காலையில் கழுவுதல், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். இரவில் கழுவுதல், மாய்ஸ்சரைசர். இவ்வளவுதான். ஸ்க்ரப், மாவு, ப்ளீச், ரெட்டினால், வைட்டமின் சி எல்லாம் ஓரமாக இருக்கட்டும்.

காரணம் இரண்டு. முதலாவது, இறந்த செல்கள் அடுக்கி நிற்கும் மேல்படலம் மிக மெல்லியது. முகத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. செய்தித்தாளின் ஒரு தாள் அதைவிடப் பல மடங்கு தடிமன். அந்தப் படலம்தான் உள்ளே ஈரத்தைத் தக்கவைத்து, வெளியே இருப்பதை உள்ளே விடாமல் காக்கிறது. அதில் வெடிப்பு இருக்கும்போது அமிலம் பூசினால் அது சீராக இறங்காமல், வெடித்த இடத்தில் மட்டும் ஆழமாகப் போகும்.

இரண்டாவது, முகம் பொலிவிழந்து சொரசொரப்பாக இருப்பதற்குப் பாதிப் பேரிடம் காரணம் வறட்சிதான். இரண்டு வாரம் ஒழுங்காக ஈரம் கொடுத்ததும் அவர்கள் முகம் தெளிந்துவிடும். அவர்களுக்கு அடுத்த படிகளே தேவையில்லை, நான் அங்கேயே நிறுத்திவிடச் சொல்வேன்.

சன்ஸ்கிரீனின் அளவையும் இப்போதே பழகுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். இந்தப் பழக்கம் 14 நாளில் வரவில்லை என்றால் அமிலத்தைத் திறக்காதீர்கள். பழ அமிலங்கள் (லாக்டிக், மாண்டெலிக், கிளைகாலிக் போன்றவை) தோலை வெயிலுக்கு இளக்கிவிடும். போடுவதை நிறுத்தினாலும் ஒரு வாரம்வரை அந்த இளக்கம் நீடிக்கும்.

ஊரில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால், கடைசியாக ஒருமுறை குடிநீரால் முகத்தை அலசுங்கள். கடின நீரில் ஃபேஸ்வாஷின் மிச்சம் தோலிலேயே படிந்து எரிச்சலூட்டும்.

சித்திரை, வைகாசியில் முதன்முறையாகத் தொடங்கவேண்டாம் என்பது என் கருத்து. நம் ஊரில் மழைக்காலத்திலும் மதிய வெயிலில் புற ஊதாக் கதிர் கடுமையாகத்தான் இருக்கும், அதனால் எப்போதும் காப்பு வேண்டும். ஆனாலும் கத்திரி வெயிலில் வியர்வை வழிந்து சன்ஸ்கிரீன் நிற்காது, வியர்வையின் உப்பும் புதுத்தோலில் காந்தும்.

4. எதைக் கொண்டு நீக்குவது

முதலில் சமையலறையிலிருந்து வெளியேற்றவேண்டியவை.

எலுமிச்சை: அதன் பிஎச் ஏறக்குறைய 2. முகத்துக்கு மிக அதிகமான புளிப்பு. அதைவிடப் பெரிய ஆபத்து, எலுமிச்சை வகைகளில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுக் கருக்கிவிடும். சாறு வழிந்த தடத்திலேயே கோடுகோடாகக் கருமை விழுந்த முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சமையல் சோடா: காரம். தோலின் இயல்பைக் குலைக்கும். சர்க்கரை, கல்லுப்பு, காபித்தூள், பொடித்த வால்நட் ஓடு: இவற்றின் துகள்களுக்குக் கூர்மையான முனைகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத கீறல்களை இழுத்துவிட்டுப் போகும். காலுக்கும் முழங்கைக்கும் சரி, முகத்துக்கு வேண்டாம். பற்பசை பூசிப் பருவைக் காயவைப்பவர்களும் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்து அமிலங்கள். தேய்க்காமலேயே, இறந்த செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் பசையைத் தளர்த்தி உதிரவைப்பவை இவை. புதியவர்களுக்குத் தேய்ப்பதைவிட இதுவே பாதுகாப்பு என்று நினைக்கிறேன். கையின் அழுத்தம் நாளுக்கு நாள் மாறும்; குப்பியில் எழுதியிருக்கும் சதவீதம் மாறாது.

லாக்டிக் அமிலம் 5 சதவீதம்: வறண்ட, சாதாரணத் தோலுக்கு நான் முதலில் கொடுப்பது. ஈரத்தையும் பிடித்துவைக்கும்.

மாண்டெலிக் அமிலம் 5 முதல் 10 சதவீதம்: மூலக்கூறு பெரியது என்பதால் மெதுவாக உள்ளே போகும், எரிச்சல் குறைவு. எளிதில் கருமை படியும் முகங்களுக்கு எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சாலிசிலிக் அமிலம் 0.5 முதல் 2 சதவீதம்: எண்ணெயில் கரையும். அதனால் எண்ணெய் அடைத்த துவாரத்துக்குள் போய்த் துப்புரவு செய்யும். மூக்கில் முள் போலக் கறுப்பு முனை எட்டிப் பார்ப்பவர்களுக்கும், சவரம் செய்த இடத்தில் முடி உள்நோக்கி வளரும் ஆண்களுக்கும் ஏற்றது. ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக் கூடாது.

கிளைகாலிக் அமிலம்: மூலக்கூறு மிகச் சிறியது, சட்டென்று உள்ளே இறங்கும். வேலை வேகம், எரிச்சலும் வேகம். தொடக்கத்திலேயே இதை எடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. முதல் எட்டு வாரத்தில் வேண்டாம்.

பழ அமிலம் எதுவானாலும் வீட்டில் கழுவாமல் தங்கவிடும் பூச்சில் 10 சதவீதத்தைத் தாண்டாமலும், பிஎச் 3.5க்குக் கீழே போகாமலும் இருக்கவேண்டும். மணப்பெண் பூசிய 30 சதவீதக் கரைசல் போன்றவை பழகிய தோலுக்கு, பழகிய கைக்கு மட்டுமே.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். இரண்டை ஒரே சமயத்தில் தொடங்கினால், எரிந்தபோது எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

5. சோதனைப் பூச்சு

மூன்றாவது வாரம். காதுக்குக் கீழே, தாடை எலும்பு திரும்பும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பூசுங்கள். முன்கையில் சோதிப்பது ஒவ்வாமையைக் காட்டும், ஆனால் முகத்தோல் தாங்குமா என்பதைச் சொல்லாது; அதனால் தாடையோரம்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரே இடத்தில், மூன்று முறை. ஒவ்வாமை முதல் முறையிலேயே தெரியவேண்டும் என்று இல்லை. சில சமயம் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும்.

பூசிய ஒரு நிமிடத்துக்குள் இலேசாகக் குறுகுறுத்து அடங்கினால் பரவாயில்லை. ஐந்து நிமிடம் தாண்டியும் காந்தினால், வீங்கினால், மறுநாள் தொட்டால் சூடாக இருந்தால், அல்லது இரண்டொரு நாளில் அந்த இடம் கருத்தால், அந்தப் பொருள் உங்களுக்கானது இல்லை. விலை கொடுத்து வாங்கிவிட்டோமே என்று முகத்தில் போடாதீர்கள். 

6. முதல் இரவு

நான்காவது வாரத்தில், மறுநாள் வெளிவேலை இல்லாத ஓர் இரவைத் தேர்ந்தெடுங்கள். காலையில் வேண்டாம், பூசிய கையோடு வெயிலில் இறங்கக் கூடாது.

வெந்நீரில் இல்லாமல், குழாய்த் தண்ணீரில் முகம் கழுவுங்கள். ஒரு நிமிடம் போதும். முகத்தைத் துண்டால் துடைக்காமல் ஒற்றி எடுங்கள்.

அலாரத்தில் 15 நிமிடம் வையுங்கள். முகம் முழுக்க உலரட்டும். இந்தக் காத்திருப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தோல் ஈரமாக இருந்தால் ஊறிய அரிசி போல இளகியிருக்கும், அமிலம் எதிர்பார்த்ததைவிட ஆழமாக இறங்கும். அதே குப்பி, அதே அளவு, ஆனால் உலர்ந்த முகத்தில் ஒன்றும் செய்யாதது ஈர முகத்தில் காந்தும்.

காத்திருக்கும் நேரத்தில் வாஸலினை விரல்நுனியில் எடுத்து மூக்கின் இரு மடிப்பு, உதட்டின் இரு ஓரம், கண்ணின் வெளியோரம் ஆகியவற்றில் மெல்லிதாகத் தடவுங்கள். கரைசல் வழிந்து தேங்கும் இடங்கள் அவை. உரிந்துபோய் வருபவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் உரிவது மூக்கு மடிப்புதான். கண் இமையிலும் அதன் அடியிலும் அமிலமே படக் கூடாது. உடம்பிலேயே மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது. நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டும் இடம் வெளுத்தோ அரித்தோ இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அங்கே பொட்டின் பசைதான் பிரச்சினை, உரித்தால் கூடும்.

இப்போது பட்டாணி அளவு, நீர்மமாக இருந்தால் மூன்று நான்கு சொட்டு. உள்ளங்கையில் எடுத்து விரலால் நெற்றி, மூக்கு, முகவாய் என்று முதலில் எண்ணெய் சுரக்கும் இடங்களில் வைத்து, கடைசியாகக் கன்னத்துக்கு வாருங்கள். கன்னம் எளிதில் எரியும். கையில் மிஞ்சியது மட்டும் அதற்குப் போதும். பஞ்சில் நனைத்துத் துடைக்கவேண்டாம். பஞ்சின் உராய்வு ஒரு தேய்ப்பு, அமிலம் இன்னொரு தேய்ப்பு என்று இரட்டிப்பாகிவிடும்.

முதல் இரவில் 10 நிமிடம் மட்டும் வைத்துக் கழுவிவிடுங்கள், தங்கவிடும் வகையாக இருந்தாலும் சரி. இப்படிக் கழுவினால் பலன் குறையும், தெரிந்துதான் சொல்கிறேன். இரண்டாவது தடவை 30 நிமிடம். மூன்றாவது தடவையிலிருந்து இரவு முழுக்க விடலாம்.

கழுவியதும் ஈரம் காயும் முன்பே மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூசுங்கள். அன்றிரவு வேறு எதுவும் வேண்டாம். ரெட்டினால், பென்சாயில் பெராக்சைடு, வைட்டமின் சி எதுவும் அதே இரவில் கூடாது.

பூசியிருக்கும்போது எரிந்தால் “வேலை செய்கிறது” என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். காந்தல் என்பது தோல் காயப்படுவதைச் சொல்லும் குரல். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

7. மறுநாள் காலை

வெறும் தண்ணீரில் கழுவி, மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். வெளியே போனால் குடை அல்லது துப்பட்டா.

மறுபடி ஜன்னல் ஓரம் நின்று பாருங்கள். நன்றாக நடந்திருந்தால் முகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. விரலின் பின்புறத்தால் கன்னத்தைத் தடவினால் மட்டும் கொஞ்சம் வழுவழுப்பு இருக்கும். தோல் உரியவேண்டும் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். பார்வைக்கு எதுவும் உரியாததுதான் நீங்கள் தேடும் விளைவு.

இன்னொரு எச்சரிக்கை: எண்ணெய் தடவியதுபோல மினுமினுத்து, தொட்டால் இறுக்கமாகவும் வறட்சியாகவும் இருந்தால் அது பொலிவு அல்ல. காப்பு அடுக்கு மெலிந்து வெளிச்சம் பிரதிபலிக்கிறது. பலர் இதைப் பார்த்து மகிழ்ந்து மறுபடியும் போடுகிறார்கள். அங்கே நிறுத்தவேண்டும்.

8. அடுத்து எத்தனை நாளுக்கு ஒருமுறை

நான்காவது, ஐந்தாவது வாரம்: வாரம் ஒருமுறை. ஆறாவது, ஏழாவது வாரம்: எந்தப் புகாரும் இல்லை என்றால் ஐந்து நாளுக்கு ஒருமுறை. எட்டாவது வாரத்திலிருந்து வாரம் இருமுறை. எண்ணெய்ப் பசை முகம் மூன்று முறை தாங்கலாம். அதற்கு மேல் ஏன் வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

இருபதுகளில் மேல்தோல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய 28 நாள் ஆகும். வயது ஏற ஏற அது 40 நாளையும் தாண்டும். ஆகையால் ஒரு வாரத்தில் கருமை போகவில்லையே என்று அளவைக் கூட்டாதீர்கள். பருத் தழும்பின் கருமையில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று சுற்றாவது ஆகும்.

சதவீதம், நேரம், எண்ணிக்கை ஆகிய மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். இதைக் கடைப்பிடித்த யாரும் என்னிடம் எரிந்த முகத்தோடு வந்ததில்லை.

9. மாவு, துணி பயன்படுத்துகிறவர்களுக்கு

அமிலம் வேண்டாம், அம்மா காலத்துப் பயத்தம் மாவே போதும் என்பவர்களுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் மாவு எப்படி இருக்கிறது என்பது முக்கியம். மில்லில் அரைத்த மாவை அப்படியே போடாதீர்கள், அதில் உமியும் குருணையும் இருக்கும். நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் வஸ்திரகாயம் என்று சொல்வார்களே, அதுபோல மெல்லிய துணியில் சலித்து எடுங்கள். இரு விரலுக்கிடையே தேய்த்தால் டால்கம் பவுடர் போல வழுக்கவேண்டும். நறநறத்தால் இன்னொரு முறை சலியுங்கள்.

நலங்கு மாவில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். சிலர் அதில் கார்போக அரிசி சேர்க்கிறார்கள். அதிலுள்ள சோரலென் வெயிலில் தோலைச் சுடவைக்கும் பொருள். உடம்புக்குப் போட்டு அலசிவிட்டு வீட்டில் இருப்பது வேறு, முகத்தில் ஊறவைத்துவிட்டு வெயிலில் போவது வேறு. முகத்துக்கான மாவில் அது வேண்டாம்.

ஒரு தேக்கரண்டி மாவைத் தண்ணீரிலோ தயிரிலோ இட்லி மாவைவிடத் தளர்வாகக் கரையுங்கள். ஈர முகத்தில் தடவி, மோதிர விரலால் 30 விநாடி வட்டமாகச் சுழற்றிக் கழுவிவிடுங்கள். மோதிர விரலுக்கு அழுத்தம் குறைவு, அதனால்தான் அது. காயவைத்து உதிர்க்கவே கூடாது. காய்ந்த மாவை உரசி எடுக்கும்போதுதான் தோலும் சேர்ந்து வருகிறது. பீர்க்கங்காய் நார் முகத்துக்கு ஆகாது. வாரம் ஒருமுறை போதும், மாவு போடும் வாரத்தில் அமிலம் வேண்டாம்.

10. மற்றவற்றோடு விடவேண்டிய இடைவெளி

த்ரெடிங்குக்கு முன்னும் பின்னும் மூன்று நாள். மெழுகால் முடி நீக்குதல், ப்ளீச், பேஷியல் என்றால் முன்னும் பின்னும் ஒரு வாரம். மெழுகு மேல்படலத்தையும் சேர்த்துத்தான் இழுக்கிறது. அமிலத்தால் தளர்ந்த தோலில் மெழுகு போட்டால் புண்ணாகிவிடும்.

ஆண்கள் கவனிக்கவேண்டியது: சவரக் கத்தியே இறந்த செல்களைச் சுரண்டி எடுக்கிறது. சவரம் செய்த நாளில் தாடிப் பகுதியில் எதுவும் போடாதீர்கள்.

அழகு நிலையத்துக்குப் போனால், வீட்டில் என்ன போடுகிறீர்கள் என்பதை நாங்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு பெண்ணிடம் இதைக் கேட்கவில்லை. அவள் இரவுதோறும் ட்ரெட்டினோயின் போட்டுவந்திருக்கிறாள். மேலுதட்டில் மெழுகை இழுத்தபோது தோல் பட்டையாக வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் மெழுகுச் சட்டியைச் சூடாக்குவதில்லை.

திருமணம், வளைகாப்பு போன்ற விசேஷத்துக்குப் பத்து நாள் முன்பே எல்லா உரித்தலையும் நிறுத்திவிடுங்கள். கடைசி வாரத்தில் மாய்ஸ்சரைசர் மட்டுமே. ஒப்பனையும் அதில்தான் நன்றாக உட்காரும்.

11. எரிந்துவிட்டால்

எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஃபேஸ்வாஷ் உட்பட. மூன்று நாள் முகம் கழுவ வெறும் தண்ணீர் மட்டும்.

குளிர்ந்த நீரில் நனைத்த மெல்லிய துணியை ஐந்து ஐந்து நிமிடமாக ஒற்றுங்கள். ஐஸ் கட்டியை நேராக வைக்காதீர்கள். பிறகு மாய்ஸ்சரைசர், உரிந்த இடத்தின்மேல் மெல்லிய வாஸலின். தொங்கும் தோலைப் பிய்க்காதீர்கள்; அதற்குக் கீழே புதுத்தோல் வளர்ந்ததும் தானே விழும். கற்றாழையை மடலிலிருந்து நேராக வெட்டித் தடவுகிறார்கள், அதன் மஞ்சள் பால் எரிச்சலைக் கூட்டும். மஞ்சள் பொடியும் வேண்டாம்.

வெயிலிலிருந்து மறைவாக இருப்பதுதான் இந்த நேரத்தில் மருந்து. கருமை படியுமா படியாதா என்பது பெருமளவு இதைப் பொறுத்தே இருக்கிறது. சன்ஸ்கிரீனே எரிந்தால் சில நாள் குடையும் துணியும் போதும். ஜிங்க் ஆக்சைடு வகை பெரும்பாலும் எரியாது.

அந்த மணப்பெண்ணுக்கும் நான்கு நாளும் இதைத்தான் செய்தோம். வேறு எதையும் முகத்தில் வைக்க நான் ஒப்புக்கொள்ளவில்லை, அவள் அம்மா எவ்வளவோ கேட்டும். முகூர்த்தத்தன்று உரிதல் நின்றிருந்தது. ஆனால் கன்னத்தில் இரண்டு கருந்திட்டுகள் விழுந்துவிட்டன, அவை மங்க ஐந்து மாதம் ஆனது.

நீர் வடிதல், கொப்புளம், முகம் வீங்குதல், கண்ணில் அமிலம் படுதல், காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தால் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். கண்ணில் பட்டால் முதலில் 15 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டுப் புறப்படுங்கள். வீட்டிலிருக்கும் ஏதோ ஒரு களிம்பைத் தடவிக்கொண்டு போகாதீர்கள், அதில் ஸ்டீராய்டு இருந்தால் என்ன நடந்தது என்று மருத்துவருக்குத் தெரியாமல் போய்விடும்.

மாய்ஸ்சரைசர் குத்தாமல், கழுவியபின் இறுக்கம் இல்லாமல் முழுதாக நான்கு வாரம் கடந்தபின் மறுபடி தொடங்கலாம். விட்ட இடத்திலிருந்து வேண்டாம், தாடையோரச் சோதனையிலிருந்து. பொருளும் மாறவேண்டும்: கிளைகாலிக்கில் எரிந்திருந்தால் மாண்டெலிக், 10 சதவீதத்தில் எரிந்திருந்தால் 5 சதவீதம். பழைய குப்பியை அலமாரியில் கண்ணில் படும் இடத்தில் வைக்காதீர்கள்.